பெங்களூரில் புகைப்பட அன்பர்கள்

இவ்வாண்டு மலரில் வெளியிடுவதற்கு நம் பகுதியின் பழைய படம் ஒன்று வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, அஃது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை என்றே எண்ணினோம். ஆஸ்டின் டவுனில் மூன்று, நான்கு தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்து வருகின்றன. எவர் வீட்டுப் பரணைப் பார்த்தாலும் ஒரு தகரப் பெட்டி இருக்கும். அதனுள் பாட்டன் காலத்துப் படங்கள் இருக்கும். அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதில் என்ன அருமை என்று புறப்பட்டோம். ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் கழிந்தன.

படங்கள் கிடைக்காமல் இல்லை, மிகுதியாகவே கிடைத்தன. திருமணப் படங்களும், பட்டம் பெற்ற மைந்தர் சுருள் ஏட்டைக் கையிற் பிடித்து நிற்கும் படங்களும் ஸ்டூடியோவில் எடுக்கப்பட்டவை. அவற்றின் மூலையில் கடையின் பெயர் புடைப்பு முத்திரையாகப் பதிந்துள்ளது. நாம் தேடியவை அவை அல்ல. தெருவில், வாயிற்படியில், கால்பந்து மைதானத்தின் ஓரத்தில், பொங்கற் கோலத்தின் அருகில், கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தின் கீழ் எடுக்கப்பட்ட படங்களே நம் பகுதியின் வாழ்வைக் காட்டுபவை. அவற்றில் முத்திரை இல்லை. பின்புறம் திருப்பினால் ஓர் எழுத்தும் இல்லை. “எடுத்தவர் யார்?” என்று கேட்டால், “யாரோ பக்கத்து வீட்டுப் பிள்ளை” என்பர். அல்லது, “பாக்டரியில் வேலை பார்த்தார் ஒருவர். காமிரா வைத்திருந்தார்” என்பர். ‘வீணை வாசிப்பார்’, ‘நாடி பார்ப்பார்’ என்பதுபோல, ‘காமிரா வைத்திருந்தார்’ என்பதே ஒரு மனிதருக்குப் போதிய அடையாளமாக இருந்த காலம் அது.

அவர் தம்மை அறியாமலே ஒரு கையொப்பம் மட்டும் விட்டுச் சென்றிருக்கிறார். அக்காலத்துப் பெட்டிக் காமிராவுடன் வந்த குறிப்புத்தாள், ‘சூரியன் எடுப்பவரின் முதுகுப் பக்கம் இருக்கட்டும்’ என்று சொல்லும். காலையிலோ மாலையிலோ அவ்வாறு நின்றால், எடுப்பவரின் நிழல் நீண்டு படத்துக்குள் விழும். பழைய படங்களில் எல்லோரும் கண்களைச் சுருக்கிக்கொண்டு நிற்பதற்கும், கீழ் ஓரத்தில் கறுப்பாக ஒரு தலையும் தோளும் தெரிவதற்கும் இதுவே காரணம். அந்த நிழலுக்கு உரியவர்களைப் பற்றி எழுதவேண்டும் என்ற எண்ணம் நமக்கு அப்போதுதான் உண்டாயிற்று.

‘அமெச்சூர்’ என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு விரும்பிச் செய்பவர் என்பதே பொருள். நம்மவர் நாவில் அது கற்றுக்குட்டி என்ற இளக்காரத்தைப் பெற்றுவிட்டது. ஆதலின் இக்கட்டுரையில் அவர்களைப் புகைப்பட அன்பர் என்றே வழங்குவோம். இவ்வன்பர்களின் வரலாறு பெரும்பாலும் பேச்சின் வரலாறு ஆகும். படம் எடுப்பது தனியாகச் செய்யும் காரியம். எடுத்த படத்தை நடுவில் வைத்துக்கொண்டு நாலு பேர் கூடிப் பேசுவதே அதனை ஒரு கலையாக வளர்த்தது.

பிரான்சு நாட்டு டாகர் கண்ட முறை 1839-இல் உலகறிய வெளியிடப்பட்டது. அடுத்த ஆண்டே அது கல்கத்தாவை எட்டிவிட்டது. 1854-இல் பம்பாயிலும், 1856-இல் கல்கத்தாவிலும் சென்னையிலும் புகைப்படச் சங்கங்கள் தோன்றின. சென்னைச் சங்கத்துக்கு உயிர்நாடியாக விளங்கியவர் கலைப்பள்ளியை நிறுவிய டாக்டர் அலெக்சாந்தர் ஹண்டர். இச்சங்கங்களில் இருந்தவர்கள் படைத் தலைவர்களும், மருத்துவர்களும், பொறியாளர்களும், உத்தியோகஸ்தர்களும் ஆவர். படம் எடுத்துப் பிழைப்பவர் சிலரே. மாதந்தோறும் கூடித் தத்தம் படங்களை மேசைமீது பரப்பி, தாள் நல்லதா, கண்ணாடி நல்லதா, வெள்ளி நைட்ரேட்டுக் கரைசல் இந்நாட்டு வெப்பத்தில் ஏன் கெடுகிறது என்று வாதிட்டார்கள்.

அந்த மேசையில் எல்லோரும் சமமாக அமர்ந்திருந்தனர் என்று சொல்வதற்கில்லை. வங்கச் சங்கத்தின் பொருளாளராக இருந்தவர் பேரறிஞர் ராசேந்திரலால் மித்திரர். 1857-இல் அவர் ஒரு பொதுக்கூட்டத்தில் அவுரித் தோட்டக்காரர்களின் கொடுமையைக் கண்டித்துப் பேசினார். படத்துக்கும் அவுரிக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஆயினும் சங்கத்தில் இருந்த வெள்ளையர் கொதித்தெழுந்து அவரை உறுப்பினர் பதவியிலிருந்தே நீக்கிவிட்டனர். பொழுதுபோக்குச் சங்கங்களில் அரசியல் புகுந்தது இக்காலத்துக் கேடு என்று வருந்துவோர் இதனை அறிதல் நன்று.

பெங்களூருக்கு வருவோம். 1809-இல் தண்டு அமைந்தபோது சென்னைப் படையோடு வந்து குடியேறியவர்களே இந்நகரத் தமிழரில் பெரும்பகுதியினருக்கு முன்னோர். அதே சென்னைப் படையில் அதிகாரியாக இருந்தவர் லின்னேயஸ் டிரைப். 1822-இல் இங்கிலாந்தில் பிறந்த அவர், 1850-களின் தொடக்கத்தில் விடுப்பில் தம் நாடு சென்றிருந்தபோது இக்கலையைக் கற்றுக்கொண்டார். திரும்பிப் பெங்களூரில் பணியாற்றுகையில், 1854 டிசம்பரில், விடுமுறையைப் பயன்படுத்தி ஹளேபீடுக்கும் பேலூருக்கும் சென்று கோயில்களைப் படம் எடுத்தார். அவரை எவரும் ஏவவில்லை, கூலியும் இல்லை. அப்படங்கள் 1855-இல் சென்னைப் பொருட்காட்சியில் வைக்கப்பட்டு நடுவர்களின் பாராட்டைப் பெற்றன. அதன் பயனாகவே அரசாங்கத்தின் கண் அவர்மீது விழுந்தது. அதே ஆண்டு பர்மாவின் ஆவா அரசவைக்குச் சென்ற தூதுக்குழுவோடு அவரை அனுப்பினார்கள். அங்கு எடுத்த நெகட்டிவ்களைப் பெங்களூருக்குக் கொண்டுவந்து, ஒவ்வொன்றும் 120 படங்கள் கொண்ட ஐம்பது தொகுதிகளை இங்கேதான் அச்சிட்டார். ஆறாயிரம் படங்கள்! மின்சாரம் இல்லாத காலம். ஒவ்வொரு தாளையும் வெயிலில் வைத்துத்தான் அச்சேற்ற வேண்டும். பர்மாவின் பகோடாக்கள் பெங்களூரின் வெயிலில் உருப்பெற்றன என்பது எண்ணி மகிழத்தக்கது.

1856-இல் டிரைப் சென்னை மாகாணத்தின் அரசுப் புகைப்படக்காரராக அமர்த்தப்பட்டார். அடுத்த ஆண்டு டிசம்பரில் பெங்களூரிலிருந்து புறப்பட்டு, இராயக்கோட்டை வழியாகத் தமிழ்நாட்டுள் இறங்கினார். சோலையார்பேட்டையிலிருந்து இந்நகருக்கு ரயில் வந்தது 1864-இல்தான். ஆதலின் காமிராக்களும், மெழுகு ஊட்டிய தாள்களும், மருந்துப் புட்டிகளும் வண்டிகளிலேயே சென்றன. திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சை என்று சில மாதங்களில் அவர் சுற்றிவந்து எடுத்த படங்கள் தனித்தனித் தொகுதிகளாக 1858-இல் வெளிவந்தன. திருமலை நாயக்கர் மகாலும் தஞ்சைப் பெரிய கோயிலும் பிற்காலத்துப் பழுதுபார்ப்புகளுக்கு முன் எவ்வாறு இருந்தன என்பதை அறிய இன்றும் அறிஞர்கள் அவற்றையே நாடுகின்றனர்.

இவற்றுள் ஒன்றைத் தனியே சொல்லவேண்டும். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றித் தமிழ்க் கல்வெட்டுகள் ஓடுகின்றன அல்லவா? காமிராவைச் சிறிது சிறிதாக நகர்த்தி, 21 படங்களாக எடுத்து ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக அவற்றை ஆக்கினார் டிரைப். அவர் படித்தறியாத எழுத்துகள் அவை. ஆயினும் ஓர் எழுத்தும் விடுபடலாகாது என்ற கவலை அவருக்கு இருந்தது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. அக்காலத்து நெகட்டிவ்கள் நீல ஒளிக்கு அளவுக்கு மிஞ்சி இசைந்தமையால் வானம் வெறும் வெள்ளையாகவே விழும். டிரைப் தூரிகையை எடுத்து நெகட்டிவிலேயே மேகங்களைத் தீட்டிச் சேர்த்தார். செல்பேசியில் வானத்தின் நிறத்தை மாற்றும் இளைஞரைக் கடிந்துகொள்ளும் பெரியோர் இதனையும் கருத்திற் கொள்வாராக.

டிரைப்புடன் பணியாற்றிய உதவியாளர் ஒருவரின் பெயர் ஆங்கில ஏடுகளில் விந்தையான எழுத்துக்கூட்டில் காணப்படுகிறது. சி. அய்யாசாமி என்றே நாம் அதனைப் படிக்கிறோம். தாள்களுக்கு மெழுகூட்டியும், கரைசல்களைக் கலந்தும், இருட்டறையில் நின்றும் தொழில் கற்ற அவர், பின்னர்ச் சென்னைக் கலைப்பள்ளியில் புகைப்படப் பணியைத் தொடர்ந்தார். தமிழ்நாட்டுக் கோயில்களைப் பற்றிய உலகப் புகழ்பெற்ற படங்களில் ஒரு தமிழரின் கையும் கலந்திருக்கிறது. பெயர் மட்டும் பலர் அறியாத ஏட்டின் ஓரத்தில் கிடக்கிறது. 1859-இல் ஆளுநராக வந்த டிரெவெலியன் செலவைக் கண்டு முகம் சுளித்தார். அரசுப் புகைப்படக்காரர் பதவி முடிவுக்கு வந்தது. டிரைப் அதன்பின் பெரிதாக ஒன்றும் எடுக்கவில்லை. 1902-இல் இங்கிலாந்தில் மறைந்தார்.

அவரை மீண்டும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர்களுள் ஒருவர் இந்நகரத்தவர் என்பதே நம் வரலாற்றின் அடுத்த அத்தியாயம். டாக்டர் ஜி. தாமஸ் பெங்களூரில் வாழ்ந்தவர். புகைப்படத்தால் பிழைத்தவர் அல்லர். இங்கு 1930-களில் தோன்றிய மைசூர்ப் புகைப்படச் சங்கத்தின் மேசையைச் சுற்றி அமர்ந்தவர்களுள் அவரும் ஒருவர். ஐரோப்பாவில் பெல்ஜிய நாட்டு டாக்டர் வான் டி வையரின் முயற்சியால் உலகப் புகைப்படக் கலைக் கூட்டமைப்பு 1950-இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் உருவாயிற்று. அதனை ஒட்டி இந்நாட்டுச் சங்கங்களையும் ஒன்றாக இணைக்கவேண்டும் என்று முயன்று, 1950-களின் தொடக்கத்தில் இந்தியப் புகைப்படக் கூட்டமைப்பை நிறுவியவர் தாமஸ். ‘வியூபைண்டர்’ என்ற அதன் இதழையும் பல்லாண்டுகள் நடத்தினார். 1981-இல் இந்தியப் புகைப்பட வரலாற்றை 1840 முதல் 1980 வரை எழுதி நூலாக வெளியிட்டார். சென்னை மாகாணத்தில் டிரைப் செய்த பணியைப் பற்றி அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரையும் அதே ஆண்டில் வெளிவந்தது. பல்கலைக்கழகங்கள் இத்துறையைத் திரும்பிப் பாராத காலத்தில், பொழுதுபோக்கு அன்பர் ஒருவர் இந்தப் பணியைச் செய்தார்.

கூட்டமைப்பும் பட்டமும் இருக்கட்டும். அன்பர்கள் கூடி என்னதான் பேசினார்கள்? கேட்டிருந்தவர்களுக்கு அது தெரியும். புறத்தார்க்கு அஃது ஏதோ மந்திரம் போலத் தோன்றும். வெளிச்சம் முதல் விஷயம். தெளிந்த வெயிலில் துவாரத்தைப் பதினாறில் வைத்து, பிலிமின் வேகத்தையே வினாடிப் பின்னமாக வைத்தால் போதும் என்பது அனைவரும் அறிந்த வாய்ப்பாடு. பெங்களூரின் மேகமூட்டத்துக்கு அதில் எவ்வளவு கூட்டவேண்டும் என்பதில் இருவர் கருத்து ஒன்றுபட்டதில்லை. அடுத்து மருந்து. 1927-இல் கோடாக் கம்பெனியார் வெளியிட்ட டி-76 என்னும் டெவலப்பரின் கணக்கு அன்பர்களுக்கு மனப்பாடம்: ஒரு லிட்டர் நீரில் மெட்டால் 2 கிராம், சோடியம் சல்பைட்டு 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், வெண்காரம் 2 கிராம். ரசம் வைப்பதில் மாமியாருக்கும் மருமகளுக்கும் உள்ள வேற்றுமை போல, இதிலும் ஒவ்வொருவருக்கும் ஒரு கைப்பக்குவம் இருந்தது.

நீரின் வெப்பமும் முக்கியமானது. பிலிம் கழுவுவதற்கு 20 பாகை செல்சியசு உகந்தது என்று புத்தகங்கள் சொல்லும். சென்னையில் சித்திரை மாதத்துக் குழாய் நீர் முப்பதைத் தாண்டிவிடும். பிலிமின் மேற்பூச்சு இளகி நழுவிவிடுமோ என்று அங்குள்ளவர் பனிக்கட்டி வாங்கி ஓடவேண்டும். கடல்மட்டத்துக்கு 3,000 அடி உயரத்தில் இருக்கும் நமக்கு அந்தத் தொல்லை குறைவு. இந்நகரில் குளியலறைகள் இருட்டறைகளாக மாறியதற்குக் கலையார்வத்தோடு தட்பவெப்பமும் ஒரு காரணம் என்பது நம் கருத்து. இரவு பத்து மணிக்குமேல் பாத்திரங்கள் கழுவி ஓய்ந்தபின், சன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு, சிவப்பு விளக்கை ஏற்றி, ஹைப்போவின் புளித்த நாற்றத்தோடு குடும்பத் தலைவர் உள்ளே நுழைவார். வீட்டிலுள்ளோர் விடியும்வரை குளியலறைப் பக்கம் போக முடியாது. புகைப்படக் கலைக்கு இந்நகரப் பெண்மணிகள் செய்த தியாகத்தை எந்த வரலாற்று நூலும் குறிக்கவில்லை.

காமிராவும் எளிதிற் கிடைத்ததன்று. 1900-இல் அமெரிக்காவில் ஒரு டாலருக்குப் பிரௌனி என்னும் பெட்டிக் காமிரா விற்கத் தொடங்கியதிலிருந்தே இக்கலை எளியோர்க்கும் உரியதாயிற்று என்பர். விடுதலைக்குப் பின் நம் நாட்டில் இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்தது. நல்ல ஜெர்மானியக் காமிரா வேண்டுமானால் வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரை எதிர்பார்த்திருக்க வேண்டும். பரோடாவில் தயாரான அக்பா கிளிக் காமிராவே நடுத்தரக் குடும்பங்களின் முதற் காமிரா. வெயிலுக்கு ஒரு குறி, மேகத்துக்கு ஒரு குறி. ஒரு பிலிம் சுருளில் பன்னிரண்டு படம். பன்னிரண்டே என்பதை இக்காலத்துப் பிள்ளைகள் உணர்தல் அரிது. தீபாவளிக்குப் போட்ட சுருள் பொங்கல் வரையில் காமிராவுக்குள் இருக்கும். ‘இன்னும் மூன்று பாக்கி இருக்கிறது’ என்று சொல்லிச் சொல்லி, யாராவது விருந்தினர் வரும்வரை காத்திருப்பார்கள். பன்னிரண்டில் எட்டுத் தேறினால் எடுத்தவர் நிபுணர்.

உதகமண்டலத்தில் 1960-இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை, பிரான்சு நாட்டு பௌஷே கம்பெனியின் தொழில்நுட்ப உதவியுடன் 1967-இல் உற்பத்தியைத் தொடங்கியது. தூசியற்ற குளிர்ந்த காற்றே அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம். ‘இந்து’ என்ற பெயரில் தமிழ்நாட்டு மலையிலிருந்து வந்த அந்தப் பிலிமைக் குறித்து நம்மவருக்குப் பெருமை உண்டு, குறைசொல்பவரும் உண்டு. ‘மணிகள் பெரிது’ என்பார் ஒருவர். ‘உன் மருந்து பழையது’ என்பார் மற்றவர். இவ்வழக்கு தீரும் முன்னரே ஆலை நலிந்து மூடப்பட்டுவிட்டது.

பேச்சின் உச்சம் சலோன் என்னும் போட்டிக் காட்சியைப் பற்றியதாகும். ஒரு பிரிவுக்கு நான்கு படங்கள். ஒவ்வொன்றையும் 12 அங்குலத்துக்கு 15 அங்குலம் அளவில் அச்சிட்டு, இரு அட்டைகளுக்கு நடுவே வைத்துக் கட்டி, கல்கத்தாவுக்கோ லண்டனுக்கோ தபாலில் அனுப்புவார்கள். மாதங்கள் கழித்து அது திரும்பும். ஏற்கப்பட்டிருந்தால் பின்புறம் ஒரு சிறு வண்ணச்சீட்டு ஒட்டியிருக்கும். பல நாட்டுச் சீட்டுகள் ஒட்டிய படத்தை அன்பர்கள் முன்புறத்தைவிடப் பின்புறத்தையே திருப்பித் திருப்பிக் காட்டுவர். இத்தனை ஏற்புகள் சேர்ந்தால் உலகக் கூட்டமைப்பின் ‘ஆர்ட்டிஸ்ட்’ பட்டம், அதற்குமேல் ‘எக்ஸலன்ஸ்’, அதற்கும்மேல் ‘மாஸ்டர்’. இந்த ஏணியில் ஏறுவதே நோக்கமாகி, சலோன் நடுவர்க்குப் பிடித்த மூடுபனியும், மாட்டுவண்டியும், கிழவரின் முகச் சுருக்கமுமே திரும்பத் திரும்ப எடுக்கப்பட்டன என்பதையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். நம் தெருக்களை எடுத்தவர் அவர்களுள் மிகச் சிலரே. பேலூர்ச் சிலைகளுக்குப் படம் ஆயிரம் உண்டு. ஆஸ்டின் டவுனில் ஒரு குழாயடிக்குப் படம் தேடிக் களைத்தோம்.

ஒரு துறையில் மட்டும் இந்நகர அன்பர்கள் நடுவர்களின் விருப்பத்தைத் தாமே மாற்றினார்கள். அது வனவிலங்குப் படம். டி. என். ஏ. பெருமாள் 1932-இல் பிறந்து 2017-இல் இந்நகரில் மறைந்தவர். அவர் பெயரின் முதலெழுத்துக்குள் தஞ்சாவூர் இருக்கிறது. டாக்டர் தாமசும், பறவைகளைப் படமெடுத்த ஓ. சி. எட்வர்ட்ஸ் என்பாரும் அவருக்கு வழிகாட்டிகள். ஈ. அனுமந்தராவ், சந்தூர் அரச குடும்பத்தவரும் கர்நாடக அரசின் நிதியமைச்சராக இருந்தவருமான எம். ஒய். கோர்படே ஆகியோர் அவர் காலத்தவர். தமிழர் ஒருவர், மலையாளி ஒருவர், கன்னட நாட்டவர் இருவர், ஆங்கிலப் பெயருடையார் ஒருவர்! காவிரியின் பெயரால் இந்நகரில் கசப்பு மூண்ட 1991-ஆம் ஆண்டையும் கண்டவர்கள் நாம். ஆதலின் இப்பட்டியலை எழுதும்போது நம் கை சற்றே நின்றது. அவர்கள் எம்மொழியில் உரையாடினர் என்று ஆராய வேண்டியதில்லை. துவாரமும் வேகமும் எல்லோர்க்கும் ஒரே எண்கள்.

சென்னையில் வாழ்ந்த மா. கிருஷ்ணனை இங்கே மறத்தல் ஆகாது. முதல் தமிழ் நாவலாசிரியர்களுள் ஒருவரான அ. மாதவையாவின் மைந்தர், 1940-களில் அதே சந்தூர் சமஸ்தானத்தில் பணியாற்றியவர். ஒரு காமிராவின் உடலும், மற்றொன்றின் லென்சும், வேறு எதன் உறுப்போ எல்லாம் சேர்த்துத் தாமே பூட்டிய ஒரு கருவியைச் சுமந்துகொண்டு யானைகளைத் தேடி நடந்தார். அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரும் வைத்தார். அதன் எடையைக் கேலி செய்யும் பெயர் அது. கறுப்பு வெள்ளையை அவர் கடைசிவரை விடவில்லை. 1970-இல் பத்மஸ்ரீ பெற்று, 1996-இல் மறைந்தார்.

1971-இல் இளைஞர்கள் கூடித் தொடங்கிய இளைஞர் புகைப்படச் சங்கம் நிருபதுங்கா சாலையில் உள்ள மாநில இளைஞர் மையத்தில் இயங்கிவருகிறது. தொடங்கியவர்களுக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருப்பர். ‘இளைஞர்’ என்ற பெயரை அவர்கள் மாற்றவில்லை. எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., எச்.எம்.டி., பி.இ.எல். ஆகிய ஆலைகளில் வேலை பார்த்த தமிழர் பலர்க்குப் புகைப்படம் ஓர் இயல்பான பொழுதுபோக்காக இருந்தது. கண்ணளவும் கையளவும் பழகியவர்கள் அல்லவா? காமிராவின் ஷட்டர் மாட்டிக்கொண்டால் கடைக்குப் போகாமல் தாமே திறந்து பார்ப்பார்கள். சில சமயம் அது மூடவும் செய்யும்.

பின்னர் நேர்ந்ததை விரித்துரைக்க வேண்டியதில்லை. எண்முறைக் காமிரா வந்தது, செல்பேசி வந்தது. 2012-இல் கோடாக் கம்பெனி நொடித்துக் கடன் காப்புக்கு விண்ணப்பித்தது. இன்று வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் ‘காமிரா வைத்திருப்பவர்’. அன்பர்களின் பேச்சும் மேசையை விட்டுச் செல்பேசிக்குள் புகுந்துவிட்டது. அதனால் ஒரு நன்மை உண்டு: பெண்களும் சிறுவரும் தயக்கமின்றி அதில் கலந்துகொள்கின்றனர். பழைய மேசையைச் சுற்றிப் பெரும்பாலும் ஆடவரே அமர்ந்திருந்தனர்.

நம் கவலை வேறு. தகரப் பெட்டிகளைத் திறந்து பார்த்த ஆறு ஞாயிற்றுக்கிழமைகளில் நாம் கண்ட நிலை இது. கறுப்புத் தாளில் மூலைச் சீட்டு ஒட்டிச் செருகிய எழுபது ஆண்டுப் படங்கள் இன்றும் பளிச்சென்று இருக்கின்றன. 1980-களில் நாகரிகமாக வந்த, பசைப் பக்கத்தின்மேல் பிளாஸ்டிக் தாள் மூடிய ஆல்பங்களில் வைத்த வண்ணப் படங்கள் சிவந்து, பசையோடு ஒட்டிப் பிய்ந்து வருகின்றன. நெகட்டிவ் சுருள்களைத் திறந்தால் காடி நாற்றம் வீசுகிறது. அசிட்டேட்டுப் பிலிம் சிதையும்போது எழும் நாற்றம் அது; அண்டையில் உள்ள சுருள்களையும் அது கெடுக்கும். அத்தகையவற்றைப் பிரித்து வைத்து, விரைவில் நகல் எடுத்துக்கொள்ள வேண்டும். பசை ஆல்பத்திலிருந்து படத்தை இழுக்காமல், இருக்கும் நிலையிலேயே முதலில் செல்பேசியால் ஒரு நகல் எடுத்துவிட்டால் பாதி பிழைக்கும். எல்லாவற்றிலும் எளிதானது, பின்புறம் மெல்லிய பென்சிலால் பெயர், இடம், ஆண்டு எழுதுவது. பால் பாயிண்ட் பேனா ஆகாது. முன்புறம் வடுவாகத் தெரியும். எடுத்தவர் பெயரையும் எழுதலாம்.

பெயர் சொல்லக்கூடியவர்கள் இன்னும் சிலரே இருக்கின்றனர். ஆறாவது ஞாயிறன்று ஒரு வீட்டில், எண்பதைக் கடந்த அம்மையார் ஒருவர் தம் பெட்டியைத் திறந்தார். உள்ளே நூற்றுக்கு மேற்பட்ட படங்கள். மைதானத்தின் ஓரத்தில் கால்பந்தை நடுவில் வைத்துப் பதினொரு சிறுவர் கண்களைச் சுருக்கி நிற்கும் படத்தை எடுத்துக்கொண்டோம். பதினொருவரில் ஒன்பது பேருக்கு அவர் பெயர் சொன்னார். இருவரை நினைவில்லை என்றார். கீழ் ஓரத்தில் வழக்கம்போல ஒரு நிழல். பெட்டிக் காமிராவை இடுப்பருகே பிடித்துக் குனிந்து பார்ப்பதால், தலை கவிழ்ந்த நிழல். அதைக் காட்டாமலே பெட்டியை மூடச் சொல்லியிருப்போம். அவர்தாம் அதன்மேல் விரலை வைத்தார்.

“இது எங்க பெரியண்ணன். எடது தோள் கொஞ்சம் எறங்கியிருக்கும் பாருங்க, மெஷின்ல அடிபட்டது.”

பெரியண்ணன் படம் ஒன்று கொடுங்கள், அதையும் அச்சிடுவோம் என்றோம். பெட்டி முழுவதையும் கட்டிலின்மேல் கொட்டித் தேடினோம். அவர் மருமகளும் வந்து தேடினார். அத்தனையும் அவர் எடுத்த படங்கள்; அவர் இருக்கும் படம் ஒன்றுகூட இல்லை. மலரின் ஒன்பதாம் பக்கத்தில் அந்தக் கால்பந்துப் படத்தை ஓரம் வெட்டாமல், நிழல் தெரியும்படியே வெளியிட்டுள்ளோம். கீழே எடுத்தவர் பெயர், அம்மையார் சொன்னபடி, தந்தை பெயரின் முதலெழுத்தோடு அச்சாகியிருக்கிறது.